பணமா? மனமா?



"வேறுவகைக் கணினிக்கு மாறவிடாமல் தடுப்பது பணமே" என்று எதிரணித் தம்பி அடித்துப் பேசிவிட்டுப் போனார். தம்பி, சும்மா கொடுத்தா மாறிடுவீங்களா? நான் மாறலையே!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனது. என் கணினியோ கிழம். விண்டோஸ் 11 அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மகள் சொன்னாள்: "அப்பா, லினக்ஸ் போட்டுடலாம். காசே வேண்டாம்." 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பிள்ளை தொடங்கிவைத்தது அது. "முதல்ல பென்டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க. பழசு அப்படியே இருக்கும்" என்றாள். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான். பஜ்ஜி சொஜ்ஜிச் செலவுகூட இல்லை! (சிரிப்பு)

அப்படியும் மூன்று மாதம் சாக்குச் சொன்னேன் ஐயா. காசா தடுத்தது?

பொங்கலன்று சம்மதித்தேன். என் தாயார் பாடிய தாலாட்டுகளை 2003-இல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். தாயார் இப்போது இல்லை. அந்தக் கோப்பைத் திறந்தால், 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! "பார்த்தியா, உன் லினக்ஸ் எங்கம்மாவை முழுங்கிடுச்சு" என்று கத்திவிட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "லினக்ஸ் முழுங்கலப்பா. உள்ளே இருந்தது ஆங்கில எழுத்து. பாமினி அதுக்குத் தமிழ் வேஷம் போட்டிருந்தது. பாமினி இல்லாத எந்தக் கணினியிலயும், விண்டோஸா இருந்தாலும், இதே கதிதான்."

தமிழுக்கென்றே தனி எண்கள் கொண்ட ஒருங்குறிக்கு அதை மாற்றிக் கொடுத்தாள். திரையில் என் தாய் பாடினாள். இன்று அந்தத் தாலாட்டை என் பேத்தி கைப்பேசியில் படிக்கிறாள். (கைதட்டல்)

மாறினால் இழப்பேன் என்று பயந்தேன். மாறாமல் இருந்திருந்தால் அல்லவா இழந்திருப்பேன்!

ஓலையிலேயே இருக்கட்டும் என்று உ.வே.சாமிநாதையர் விட்டுவிட்டாரா? 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஓலையை அவர் அவமதிக்கவில்லை. ஓலைக்குள் இருந்ததைக் காப்பாற்றினார்.

கடைக்கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் அந்தக் கடைக்காரர் யோசிக்கட்டும், அது நியாயம். ஆனால் செலவும் இல்லை, பழசும் போகாது என்று தெரிந்த பிறகும் தயங்குகிறோமே, அங்கே தடுப்பது எது?

பணம் அல்ல, மனமே! அவ்வாறே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.