எந்தச் சந்தாவை நிறுத்துவது?



கண்டியில் பழஞ் சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாய் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் பல. மலைநாட்டு ஈரலிப்பில் அவை பூஞ்சணம் பிடிக்கின்றன. எஞ்சியதைக் கறையானும் இராமபாணமும் தின்கின்றன. ஆகவே சந்தாக்களைக் குறைக்க இல்லத்தார் எண்ணுவது நியாயமே. எதைக் குறைப்பது என்பதே கேள்வி.

பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது மெலிந்த உள்நாட்டு ஏடு. பெருஞ் சஞ்சிகைக்கு விளம்பரம் துணைநிற்கும். சிற்றேட்டுக்கோ சந்தாவே மூச்சு. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை வெளிவந்தது. 2000இல் தி. ஞானசேகரன் ‘ஞானம்’ இதழைத் தொடங்கியது நமது கண்டியிலேதான். நம் நாட்டு எழுத்தாளர் பலருக்குக் களம் அளித்தவை இத்தகைய ஏடுகளே.

எனவே, பொழுதுபோக்குச் சஞ்சிகைகளை அயல்வீட்டாரோடு பங்கிட்டு ஒரே சந்தாவில் வாசியுங்கள். உள்நாட்டு ஏடு ஒன்றையேனும் நிறுத்தாதிருங்கள். பழைய இதழ்களை நிறுத்து விற்குமுன், 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் அவை உளவா என்று பாருங்கள். இல்லையெனில், உங்கள் வீட்டுப் பிரதி கிடைத்தற்கரியதாயிருக்கலாம். அதனை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். வீட்டில் இடமும் மிஞ்சும், ஏடும் அழியாது.