சிகரமும் அதன் பெயரும்



மலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்று கூடிய இச்சபைக்குத் தலைமை தாங்கும் பேறு எளியேனுக்கு வாய்த்தது. கொல்லிமலையும் பச்சைமலையும் வடக்கே வெகுதொலைவில் நிற்க, கரடும் பாறையுமே கண்ணுக்குப் புலப்படும் திருச்சி மாவட்டத்தின் தென்கோடியான இம்மருங்காபுரி வட்டாரத்தில் அமர்ந்து உலகத்தின் உச்சியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே என் துணிபு. ஏனெனில், எவரெஸ்ட் என்று இன்று வழங்கும் சிகரத்தின் உயரத்தைக் கணித்த வரலாறு தொடங்கியதே நம் தமிழ்நாட்டுச் சமவெளியில்தான்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலையை அடுத்த நிலத்தில் வில்லியம் லாம்ப்டன் என்னும் நில அளவையாளர் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின்மேல் முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து நாடு முழுவதையும் அளக்கும் பெருமுயற்சியில், குன்றுகளே இல்லாத காவிரிச் சமவெளியில் அவருக்கு மலையாக நின்று உதவியவை நம் ஆலய கோபுரங்கள். 1808இல் தஞ்சையில், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கோபுரத்தின்மீது ஏற்றுகையில், இழுத்த கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துபோயிற்று. லாம்ப்டனோ மனந்தளராமல், ஆறு வார காலம் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, ஆப்புகளையும் திருகாணிகளையும் கப்பிகளையும் துணைக்கொண்டு அதை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தெடுத்தார். அந்தச் சிரத்தையின் பலனை, அவர் மறைந்து ஒரு தலைமுறைக்குப் பின் உலகம் கண்டது. அவர் தொடங்கிய முக்கோணத் தொடர் வடக்கே இமயமலை அடிவாரம்வரை நீண்டபின், அளவையாளர்கள் நேபாளத்துக்குள் நுழைய அனுமதியின்றி, நூறு மைலுக்கு அப்பால் நின்று நோக்கிய கோணங்களைக் கொண்டு, வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தர் 1852இல் கணித்தளித்த பதினைந்தாம் சிகரத்தின், அதாவது இன்றைய எவரெஸ்டின், உயரம் 29,002 அடி என்று வெளியிடப்பட்டது. 2020இல் நேபாளமும் சீனமும் கூடி அறிவித்த 8,848.86 மீட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்பது மீட்டர்தான்!

அளப்பதில் இத்துணை நுட்பம் காட்டியவர்கள், பெயரிடுவதில் அதில் நூற்றிலொரு பங்கும் காட்டவில்லை என்பதே நாம் சிந்திக்கத்தக்கது. உள்ளூர்ப் பெயர் எதுவும் அகப்படவில்லை என்று கூறி, 1856இல் அந்நாளில் நில அளவைத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ வா, அப்பதவியில் தம் முன்னவரான ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை அதற்குச் சூட்டினார். இந்நாட்டார் நாவில் அப்பெயர் நுழையாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தும் பயனில்லை. திபெத்தியர் சோமோலுங்மா என்று வழங்கிய பெயரோ, 18ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் அச்சான படத்தில் ஏறியிருந்தது. நேபாளத்தார் இன்று சொல்லும் சாகர்மாதா, பாபுராம் ஆசார்யா என்னும் வரலாற்றறிஞர் 20ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியது.

பெயரை ஆராயும் முறைக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 83 மீட்டர் உயரமே உள்ள நம் திருச்சி மலைக்கோட்டைக்குச் சாட்சிகள் எத்தனை! மூன்று தலையுடைய திரிசிரன் பூசித்ததால் திரிசிராப்பள்ளி என்னும் பெயர் வந்தது என்கிறது தலபுராணம். சம்பந்தர் தேவாரம் சிராப்பள்ளி என்றே பாடுகிறது. உச்சியருகே சமண முனிவர் படுக்கைகள் உள்ள பாறையில் பொறித்த சிரா என்னும் பெயரைச் சுட்டி, அம்முனிவரின் பள்ளியே சிராப்பள்ளி என்பர் கல்வெட்டறிஞர் சிலர். இவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்தல் ஆராய்ச்சியன்று. சொன்னவர் யார், எக்காலத்தில், எதை ஆதாரமாகக் கொண்டு என்று தனித்தனியே குறித்துவைப்பதே ஆராய்ச்சி.

மலையேறுதலின் சரித்திரத்திலும் பெயர்களைக் குறித்துவையாத இந்தக் குறை உண்டு. 1922இல் எவரெஸ்டுப் பனிச்சரிவில் மாண்ட எழுவரும் சுமைதூக்கிகள். அவர்கள் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். 1953 மே 29ஆம் நாள் ஹில்லரியுடன் உச்சியில் நின்ற டென்சிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்டுப் பயணம். ஏறியவர் கீர்த்தி பரவிய அளவுக்கு, ஏற்றிவிட்டவர் பெயர்கள் பதிவாகவில்லை.

ஆகவே இம்மாநாட்டுக்கு அடியேன் வைக்கும் விண்ணப்பம் ஒன்றே. இவ்வட்டாரத்துக் கரடுகளுக்கும் குன்றுகளுக்கும் ஆடு மேய்ப்போரும் விறகெடுப்போரும் இட்டு வழங்கும் பெயர்கள் பல, நில அளவைப் படத்தில் ஏறாமலே மறைந்து வருகின்றன. உயரத்தை எழுதும் கட்டுரையாளர் ஒவ்வொருவரும் அதன் பக்கத்திலேயே ஊரார் சொல்லும் பெயரையும், பெயர் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் அத்தனையையும், சொன்னவரின் ஊரையும், வழிகாட்டி உடன் வந்தவர் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதுவாராக. லாம்ப்டன் தகட்டை நிமிர்த்திய பொறுமை பெயரைத் திரட்டுவதிலும் நமக்கு வேண்டும் என்று கூறி, மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன்.