வட்டிக் கணக்கை யாருக்குப் போட்டுக் காட்டினோம்?

(காளப்பநாயக்கன்பட்டியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரிச் செலவு, கல்விக் கடன் பற்றிப் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இது மேல்நிலைப் பள்ளிக்காரர்கள் பாடு என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். பேச்சு உங்களிடம்தான் வந்து நிற்கும்.

எட்டாம் வகுப்புக்குக் கூட்டு வட்டி நடத்துகிறேன். பல வருடமாக நடத்துகிறேன். ‘ராமு 10,000 ரூபாயை வங்கியில் போட்டான்’ என்றுதான் கணக்கு தொடங்கும். நம் பிள்ளைகள் வீட்டில் யாரும் வங்கியில் போடுவதில்லை, வாங்குகிறார்கள். இது எனக்கு உறைக்க ஒரு பையன் வேண்டியிருந்தது.

கொல்லிமலைப் பையன். மலையாளி பழங்குடி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வீடு. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடியும் கொஞ்சம் காப்பியும்தான் அப்பாவுக்குச் சொத்து. பையன் கீழே தங்கிப் படித்தான். கணக்கில் நன்றாக மதிப்பெண் எடுப்பான். 2018இல் பிளஸ் டூ முடித்தபோது, “நீ இன்ஜினியரிங் படிடா” என்று சொன்னது நான்தான். சொன்னேன், அவ்வளவுதான். எந்தக் கல்லூரி, எந்த வழியில் சேர்க்கை, எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் பொறியியல் கலந்தாய்வு முதல்முறையாக இணையவழிக்கு மாறியது. மேலே செல்போனில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அப்பா பயந்துபோனார். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஒரு கல்லூரியின் ஆள் வீடு தேடி வந்துவிட்டார். “கலந்தாய்வெல்லாம் எதுக்குங்க, இப்பவே சீட்டு எழுதிடலாம்” என்றார். எழுதிவிட்டார்கள். நிர்வாக ஒதுக்கீடு.

அந்த ஒரு கையெழுத்தில் போனது என்ன என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு உரியது. பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் போயின. அதற்குப் பதிலாக வங்கியில் 4 லட்சம் கடன் வந்தது. போதாததற்கு மிளகு வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கினால் அறுவடைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. அந்த நட்டம் எந்தப் பாஸ்புக்கிலும் வராது.

இப்போது அந்த 4 லட்சத்தைக் கரும்பலகையில் எழுதுவோம். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் எல்லோரும் ‘அஞ்சு வருசத்துக்குக் கவலையில்லை’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000. பிறகு 30,000, 20,000. தனி வட்டியாகவே 1,40,000 ஆகிவிடும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான்) பிறகு தவணை 5,290 அளவில் நின்றிருக்கும். இந்தக் கணக்கைப் போட எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. 2018இல் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

பையன் 2022இல் வெளியே வந்தான். நான்கு தாள் அரியர். இப்போது ரிக் வண்டியில் போகிறான். வடமாநிலங்களில் போர் போடும் வேலை. ரிக் வேலையைத் தாழ்வாகச் சொல்லவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் அதில் வாழ்ந்து உயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த வேலைக்குப் போக 5 லட்சம் கடன் தேவையில்லை என்பதுதான் என் வருத்தம்.

அதே வருடம் அவன் தங்கை பிளஸ் டூ முடித்தாள். அப்பா பள்ளிக்கு வந்தார், மாற்றுச் சான்றிதழ் வாங்க. “மேலே படிக்க வைக்கலீங்களா?” என்றேன். “ஒரு கடனே போதுங்க சார்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

உட்காரச் சொல்லி, இந்தத் தடவை கணக்குப் போட்டோம். நாமக்கல்லில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசு விடுதியில் இடம் கேட்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால், அந்த செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எதிர்ப்பக்கத்தில் பஸ், துணி, ரெக்கார்டு நோட்டு, செல்போன் ரீசார்ஜ், விடுமுறைக்கு மேலே போய் வரும் செலவு. இன்னொன்றையும் எழுதச் சொன்னேன்: மூன்று வருடம் அவள் தோட்ட வேலைக்கு இல்லாததால் போகும் கூலி. அப்பா அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். ஏழை வீட்டில் படிப்பின் பெரிய செலவு அதுதான். நாம் ஒருபோதும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. எழுதியும் கடன் இல்லாமல் தாங்கும் என்று தெரிந்தது. சேர்ந்தாள்.

2025இல் கணிதப் பட்டம் பெற்றாள். உடனே பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். கிடைக்கவில்லை. முட்டைக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறாள், 11,000 ரூபாய். குரூப் 4 தேர்வுக்கும் படிக்கிறாள். அந்தச் சம்பளத்தில் மாதம் 3,000 அண்ணன் கடனுக்குப் போகிறது. ஆனாலும் அவள் காத்திருக்க முடிகிறது, அடுத்த தேர்வு எழுத முடிகிறது. அண்ணனால் அது முடியவில்லை. நான்கு அரியரை எழுதி முடிக்க ஆறு மாதம் ஊரில் இருக்க வேண்டும். தவணை அவனை இருக்க விடாது.

‘அப்படியானால் கடனே வாங்கக் கூடாதா’ என்று கேட்பீர்கள். வாங்கலாம். கலந்தாய்வில் நல்ல கல்லூரி, அங்கீகாரம் உள்ள தொழிற்படிப்பு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றோடு வங்கியில் கேட்டு வாங்க வேண்டும். கீரம்பூர் அரசு ஐ.டி.ஐ. பற்றியும் முகம் சுளிக்காமல் பேசுங்கள். அங்கிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்கும், டிப்ளமோவிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு.

இப்போது தொடக்கப் பள்ளிக்காரர்களிடம் வருகிறேன். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடம் உண்டு. கலந்தாய்வில் அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. நம் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ, ‘மார்க் வரும்’ என்று கடன் வாங்கி அங்கே மாற்றுகிறார்கள். அதோடு 7.5 போய்விடும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் இதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்தபின் ஓடினால் கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். அதையும் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கி வையுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் மேலே போகிறேன். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு பையன், எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் உறைவிடப் பள்ளியில் போடலாமா என்று அப்பா போனில் கேட்டார். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள், வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.