வெட்டு நொதியும் படைப்புழுவும்



எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த கரிசல் புஞ்சைகளில் மக்காச்சோளம் விதைப்போர் அஞ்சும் பெயர் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்புழு 2018-இல் இந்தியாவில் கண்டறியப்பட்டது; தமிழகத்திலும் பரவியது. குருத்துக்குள் ஒளிந்து தின்பதால் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை.

புழுக்களுக்கும் நோய் உண்டு. பாக்குலோ என்னும் நச்சுயிரிக் குடும்பம் அவற்றைக் கொல்கின்றது, தேனீயைத் தீண்டுவதில்லை. நச்சுயிரி தன் புரதங்களைப் புழுவின் உயிரணுவைக் கொண்டே ஆக்கிக்கொள்ளும். ஆனால், ஆக்கிய புரதங்கள் சில, குறித்த இடத்தில் வெட்டுண்ட பின்னரே தொழில் புரியும். வெட்டும் கருவி நொதி.

படைப்புழுவின் உறவினமான ஸ்போடாப்டெரா எக்சிகுவாவின் நச்சுயிரியில் ‘எஃப்’ என்றோர் உறைப்புரதம் உண்டு. நச்சுயிரி உயிரணுவுக்குள் நுழைய உதவுவது இதுவே. இதனை இரண்டாக வெட்டிப் பக்குவப்படுத்துவது, புழுவுக்கே உரிய ஃபியூரின் வகை நொதி. வீட்டுக்காரனே திருடனுக்குச் சாவி செய்து கொடுத்த கதை இது.

இறுதி வேலைக்கு நச்சுயிரி சொந்த நொதி வைத்திருக்கின்றது. பல பாக்குலோ நச்சுயிரிகளில் கதெப்சின் என்னும் நொதி, செயலற்ற நீள வடிவில் உயிரணுவுக்குள் அடங்கிக் கிடக்கும். உயிரணு மடியும்போதுதான் அது வெட்டுண்டு விழிக்கும். கைட்டினைச் சிதைக்கும் மற்றொரு நொதியோடு சேர்ந்து புழுவின் உடலைக் கரைக்கும். செடி நுனியில் தொங்கும் புழு கூழாகி ஒழுக, இலைகளில் நச்சுயிரி படியும்.

வெட்டைத் தடுத்தும் அறிவியலார் பயன் கண்டனர். படைப்புழுவின் சூலகத்திலிருந்து 1977-இல் உருவாக்கப்பட்ட உயிரணு வழியில் வந்தவை எஸ்எஃப்9 உயிரணுக்கள். அவற்றில் பாக்குலோ நச்சுயிரி வாயிலாகக் கொரோனாவின் கூர்ப்புரதம் ஆக்கப்பட்டது. ஃபியூரின் வெட்டும் இடத்தை முன்னரே மாற்றியமைத்தமையால் புரதம் வெட்டுப்படாமல் நின்றது. புனே சீரம் நிறுவனத்தின் கோவோவாக்ஸ் தடுப்பூசி அவ்வாறு பிறந்தது. 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசரப் பயன்பாட்டு ஒப்புதல் பெற்றது.

பச்சைக் காய்ப்புழுவுக்கு எதிராக என்.பி.வி. என்னும் நச்சுயிரிக் கரைசலைத் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. தெளித்த மறுநாளே புழு சாகாது. சில நாள்கள் ஆகும். புழுவின் உடலுக்குள் இத்தனை வேலையும் நடந்தாக வேண்டும். அதனை அறியாத உழவர், மருந்து பலிக்கவில்லை என்று கைவிடக்கூடும். காரணத்தைத் தெளிந்த தமிழில் எடுத்துரைத்தால் அவர் பொறுத்திருப்பார். எச்சொல்லை வெட்டுவது, எச்சொல்லை விடுவது என்று அறிந்த கவிஞர் பெருமக்களின் தமிழ், அப்பணிக்கும் முன்வர வேண்டும்.