மன்னிக்கும் உரிமை யாருக்கு?



குற்றம் சாட்டப்பட்ட அரசியல் தலைவர்களை மன்னிக்கலாமா என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கிவிடலாம். நான் அப்படிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: தென் கொரியா. 2024இல் ஹான் காங்குக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு, அவர் பிறந்த குவாங்ஜு என்ற ஊரின் பெயர் நம் வாசகர்கள் பலருக்கும் தெரியவந்தது. அந்த ஊருக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

1979 டிசம்பர் 12 இரவு, சுன் டூ-ஹ்வான் என்ற ஜெனரல் கலகம் செய்து ராணுவத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அடுத்த மே மாதம் நாடு முழுக்க ராணுவச் சட்டம். குவாங்ஜு மாணவர்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். பாராசூட் படை இறங்கியது. பிள்ளைகளைத் தடியால் அடித்துத் தெருவில் இழுத்துப் போனதைப் பார்த்த ஊர் சும்மா இருக்கவில்லை. பஸ் ஓட்டுநர்களும் டாக்சி ஓட்டுநர்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகளை வரிசையாக ஓட்டி வந்தார்கள். சந்தையில் கடை போட்டிருந்த பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். மே 21 மதியம் ஒரு மணி வாக்கில், மாகாண அரசு அலுவலகத்தின் முன்னால், ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, படை கூட்டத்தைப் பார்த்துச் சுட்டது. அந்தப் பத்து நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். காணாமல் போனவர்கள் சிலரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

சுடச் சொன்னது யார்? இந்தக் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுன் அதிபரானார். அவருக்குப் பிறகு, கலகத்தில் கூட நின்ற ரோ டே-வூ அதிபரானார். 1995 ஜூலையில்கூட, வெற்றி பெற்ற ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்றுதான் அரசு வழக்கறிஞர்கள் கைவிரித்தார்கள். மக்கள் விடவில்லை. பேராசிரியர்களும் மாணவர்களும் தாய்மார்களும் தெருவில் நின்று கேட்டார்கள். தனிச் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்டில் இரண்டு முன்னாள் அதிபர்களும் சிறை உடையில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் நின்று தீர்ப்பைக் கேட்டார்கள். சுன்னுக்கு மரண தண்டனை; மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனை ஆனது. 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எட்டு மாதம்தான் போனது. டிசம்பர் 22ஆம் தேதி இரண்டு பேரும் மன்னிக்கப்பட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்பர்களே, அந்த மன்னிப்பை ஆதரித்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். கையெழுத்திட்டவர் அதிபர் கிம் யங்-சாம். தனிச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. சம்மதம் சொன்னவர் நான்கு நாள் முன்புதான் தேர்தலில் வென்றிருந்த கிம் டே-ஜங். அவர் யார்? 1980இல் இதே சுன்னின் ராணுவ நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த மனிதர். கழுத்துக்கு வந்த கயிற்றை மறந்து, நாடு ஒன்றுபட வேண்டும் என்று சொன்னார். பொருளாதாரம் சரிந்து, பன்னாட்டு நிதியத்திடம் கொரியா கையேந்தி நின்ற மாதம் அது. அவருடைய பெருந்தன்மையை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

ஆனால் கேட்கிறேன். கிம் டே-ஜங் தன் கழுத்துக் கயிற்றை மன்னிக்கலாம். அது அவர் கழுத்து. மே 21ஆம் தேதி மகனைப் பறிகொடுத்த தாயின் சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமை கொடுத்தது யார்? தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு வேறு. அடிபட்டவர் கையில் இருக்கும் பொருளை எடுத்து அரசு தானம் செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுன் வெளியே வந்த எட்டாவது நாள், டிசம்பர் 30ஆம் தேதி, கொரியாவில் ஒரே நாளில் 23 கைதிகளைத் தூக்கில் போட்டார்கள். அந்த நாட்டில் நிறைவேற்றப்பட்ட கடைசித் தூக்குகள் அவை. அந்த 23 பேரும் செய்த குற்றங்களை நான் நியாயப்படுத்தவில்லை. சுன்னைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. எந்த மனிதரையும் தூக்கில் போடக்கூடாது என்பவன் நான். ஆனால் தேச ஒற்றுமை, கருணை, புதிய தொடக்கம் என்ற சொற்கள் எல்லாம் அந்த எட்டு நாளில் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை? படை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. பெயர் இல்லாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்த நாள் முதல் எனக்கு மனம் ஆறவே இல்லை.

சரி, மன்னித்தார்கள். மன்னிக்கப்பட்ட சுன் என்ன செய்தார்?

வாங்கிய லஞ்சத்துக்காக 22,050 கோடி வொன் கட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. மன்னிப்பு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. 2003இல் நீதிமன்றத்தில், என் கையிருப்பு 2 லட்சத்து 90 ஆயிரம் வொன் சொச்சம்தான் என்றார். அன்றைய மதிப்பில் நம் கணக்குக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். சாகும்போது அந்தத் தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பாக்கி.

2017இல் நினைவுக் குறிப்பு எழுதினார். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொல்லிவிட்டு மறைந்த ஒரு பாதிரியாரை, முகமூடி போட்ட சாத்தான் என்று அதில் ஏசினார். ஆனால் குவாங்ஜுவின் ஜோனில் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் மேல்மாடியிலும் சுவர்களிலும் தடயவியல் நிபுணர்கள் எண்ணிப் பார்த்த துப்பாக்கிக் குண்டுத் தடங்கள் 245. பாதிரியாரின் குடும்பத்தார் தொடுத்த புகாரில் 2019 மார்ச்சில் சுன் குவாங்ஜு நீதிமன்றத்துக்கு வர வேண்டியதாயிற்று. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு தொடக்கப் பள்ளி. 1987 ஜனநாயகப் போராட்டத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு உயிர்விட்ட லீ ஹான்-யோல் படித்த பள்ளி அது. அதன் சன்னல்களில் நின்று சின்னப் பிள்ளைகள், சுன் டூ-ஹ்வானே போய்விடு என்று கத்தினார்கள். பிறந்திராத காலத்துக் கொடுமையைப் பற்றிக் கத்தினார்கள்! நினைவிழப்பு நோய் என்று சொல்லி நீதிமன்றத்துக்கு வராமல் இருந்தவர், அதே ஆண்டு நவம்பரில் கோல்ஃப் மைதானத்தில் படம்பிடிக்கப்பட்டார். குவாங்ஜு பற்றிக் கேட்டதற்கு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். 2020இல் அவதூறு செய்தது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே 2021 நவம்பரில், 90 வயதில், இறந்துபோனார். மன்னிப்புக் கேட்கவில்லை.

சுடச் சொன்னது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார். விடுதலைக்குப் பிறகு 24 ஆண்டு உயிரோடு இருந்தார். அந்தப் பதிலை அவரிடமிருந்து பெறுவதற்குக் கொரிய அரசிடம் இருந்த ஒரே கருவி தண்டனைக் குறைப்புதான். பேசு, குறைக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே கேட்காமல் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். என் கோபம் அதன் மேல்தான்.

குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இரக்கமற்றவர்கள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சுன்னின் பேரன் ஒருவர் தானாகவே குவாங்ஜுவுக்கு வந்தார். என் தாத்தா செய்தது பெரும் பாவம் என்று மண்டியிட்டார். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கல்லறைகளைத் துடைத்தார். அந்தத் தாய்மார்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கேட்டால் கொடுக்க அவர்கள் எந்நாளும் தயாராக இருந்திருக்கிறார்கள். நாற்பது வருடமாகக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மன்னிப்பே கொடுக்கவில்லை என்றால் நாடு பிளந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 1974 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு, நிக்ஸனுக்கு வழக்கே தொடங்கும் முன் மன்னிப்புக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னார். அங்கே தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. கொரியாவில் எழுதப்பட்டது, அதனால்தான் 1997 தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் என்று அறிவித்தாரே, அப்போது அதற்குச் சட்டத்தில் கலகம் என்று பெயர் என்பது அந்தத் தீர்ப்பால் கொரிய மக்களுக்குத் தெரிந்திருந்தது. குளிரில் ஓடிவந்து நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். ஊழியர்கள் மேசை நாற்காலிகளைப் போட்டு வழியை அடைத்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு 190 பேர் ஒருமனதாக வாக்களித்து அதை நிறுத்தினார்கள்.

ஆனால் யூனுக்கும் ஒரு வரலாறு தெரிந்திருந்தது. சுன், ரோ, பார்க் குன்-ஹே, லீ மியுங்-பாக்: அதுவரை தண்டிக்கப்பட்ட முன்னாள் அதிபர்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் மன்னிப்பு. அரசு வழக்கறிஞராக லீயைச் சிறைக்கு அனுப்பியதில் முன்னின்றவரே யூன்தான். அதிபரான பின் 2022இல் லீக்கு மன்னிப்புக் கொடுத்தவரும் அவரே. அன்றிரவு அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. நான்கு பேருக்குத் திறந்த கதவு ஐந்தாவது ஆளுக்கும் திறக்கும் என்று எவரும் எண்ணக்கூடிய நாடாக அதை ஆக்கியவை அந்த நான்கு மன்னிப்புகள்.

நம் நாட்டிலும் அரசியல் சாசனத்தின் 72, 161ஆம் பிரிவுகள் இந்த அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் தருகின்றன. ஆந்திராவில் ஒரு கட்சிக்காரருக்குக் கிடைத்த தண்டனைக் குறைப்பை 2006இல் நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதியோ மதமோ அரசியல் விசுவாசமோ இதில் நுழையக்கூடாது என்று தெளிவாகச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதோடு நிற்காமல் ஒரு படி மேலே போக வேண்டும் என்கிறேன்.

வயதானவரா, நோயாளியா? சாதாரணக் கைதிக்குக் கிடைக்கும் மருத்துவமும் பரோலும் அவருக்கும் கிடைக்கட்டும். தண்டனைக் குறைப்பு வேண்டுமா? செய்ததைத் திறந்த மன்றத்தில் சொல்லட்டும், கட்ட வேண்டியதைக் கட்டட்டும். கோப்பு கையெழுத்திடுகிறவர் மேசைக்குப் போவதற்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். அவர்கள் சொன்னது அந்தக் கோப்பில் எழுத்தில் இருக்கட்டும்; அதை மீறிக் கையெழுத்திடுகிறவர் ஏன் மீறினேன் என்று காரணம் எழுதட்டும். மீண்டும் கொரியாவுக்கு வருகிறேன். யூன் மீது தொடுக்கப்பட்டது, சுன் மீது தொடுக்கப்பட்ட அதே கலகக் குற்ற வழக்கு. அவருக்கும் ஒருநாள் கருணை கேட்டு மனு வரும். அன்றைக்கு சியோலில் இருக்கும் அதிபர் முதலில் குவாங்ஜுவுக்கு ரயில் ஏறிப் போய், அந்தத் தாய்மார்களிடம் கேட்டுவிட்டு வந்து பேனாவை எடுக்க வேண்டும்.