இசைக்கூடமும் சமத்துவமும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரை)



ஊர் முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதவைதாம். ஆயினும், ஒரே சாலையில் ஒரே பள்ளிக்குச் செல்லும் சிறுவர் இருவருள் ஒருவன் தலை நிமிர்ந்தும் மற்றவன் தலை குனிந்தும் நடப்பானாகில், ஊர் முன்னேறிவிட்டது எனக் கூற இயலுமா? இக்குறையைப் போக்க இசை எவ்வாறு துணை செய்யும் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டில், பொருளியல் அறிஞரும் இசைவாணருமான ஹோசே அந்தோனியோ அப்ரேயு, 1975-ஆம் ஆண்டில் இளைஞர் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர் 11 பேரே. அவர் மனந்தளரவில்லை. நாளடைவில் அம்முயற்சி அரசின் பொருளுதவியுடன் நாடெங்கும் மையங்களாகப் பரவியது. 'எல் சிஸ்தேமா' எனப் பெயர் பெற்றது. பள்ளி முடிந்த பின் சிறுவர் அங்குக் கூடுவர். கட்டணம் இல்லை, இசைக்கருவியும் இரவலாகக் கிடைக்கும். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பர். மிகச் சிறிய குழந்தைகள் அட்டையாலும் காகிதத்தாலும் செய்த வயலினை ஏந்தி, முதலில் ஒழுங்கைப் பழகுவர்.

சேர்ந்து வாசிப்பதில் ஓர் அரிய பண்பு உண்டு. பக்கத்தில் இருப்பவன் எத்தெருவினன் என்று தாளம் கேட்பதில்லை. அவன் பிழைத்தால் நம் இசையும் கெடும்; அவன் சிறந்தால் நம் இசையும் சிறக்கும். ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் பாட்டோடு பணி செய்த நம் நாட்டில் இதனை விளக்கவும் வேண்டுமோ?

நிற்க. ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அந்நாட்டின் 16 மையங்களில் ஏறத்தாழ 2,900 சிறுவரை ஆராய்ந்தது. இசை பயின்றோரிடம் தன்னடக்கம் சற்று வளர்ந்திருந்தது. ஆனால் அவர்களுள் வறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர். எவருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ, அவருள் பலர் உள்ளே வரவில்லை! கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வீடு தேடிச் சென்று அழைக்கவும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நம் ஊர்களின் நிலை என்ன? பறையை நெடுங்காலம் சாவு வீட்டோடும் ஒரு சாரார் தலையோடும் பிணைத்து வைத்தோம். இழிவு கருவியில் இல்லை. கட்டாயப்படுத்தி அடிக்கச் செய்ததில்தான் இருந்தது. இன்று கல்லூரி மாணவரும் பெண்களும் பறையை விரும்பிக் கற்கின்றனர். மதுரை மாவட்டத்துப் பறையிசை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும், கருவிக்கு மேடையும், அதனைக் காத்தவரின் மகனுக்குப் பழைய கட்டாயமும் என்றிருந்தால் அது சமத்துவம் ஆகாது.

ஆகவே ஊராட்சிகள் செய்யத்தக்கவை சில உள. எல்லாத் தெருச் சிறுவரும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தையே இசைக்கூடமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். கருவிகள் ஊரின் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். உள்ளூர்ப் பறை, தவில், நாதசுவரக் கலைஞரை உரிய ஊதியமும் மதிப்பும் தந்து ஆசிரியராக அமர்த்துக. தெருவுக்கு ஒரு குழு என்று பிரிக்காது, எல்லோரையும் கலந்து அமர்த்துக. பெண் குழந்தைகள் இருட்டுமுன் வீடு திரும்பும்படி நேரத்தை வகுத்துக்கொள்க. மேலும் பயில விரும்புவோரை மாவட்ட அரசு இசைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கலாம்.

அடுத்த கிராம சபையில் இதனைப் பேசுங்கள். ஆண்டு முடிவில், எத்தனை பாட்டுக் கற்றனர் என்று மட்டும் கணக்கிடாதீர்கள். இதுவரை வெளியே நின்ற சிறுவருள் எத்தனை பேர் உள்ளே வந்து அமர்ந்தனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணிக்கையே நம் வெற்றிக்கு அளவுகோல்.