அறுபத்து நாலரையாம் ஆண்டு வண்டி

1964 ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த போர்ட் மஸ்டாங் காரை, அபிமானிகள் “அறுபத்து நாலரை” என்பர். கம்பனிப் பதிவேட்டிலோ அப்படியோர் ஆண்டே இல்லை. யாவும் 1965ஆம் ஆண்டு வண்டிகளே. ஆயினும், நேயர்களே, 1964 ஆகஸ்ட் அளவில் உருவம் மாறாமலே உள்ளுறுப்புகள் மாறின. பற்றரிக்கு மின்னூட்டிய டைனமோ போய், வண்டி மெல்ல உறுமி நிற்கையிலும் மின்னூட்டவல்ல ஓல்ரனேற்றர் வந்தது. 260 கன அங்குல எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 289க்கு இடங்கொடுத்தது. பழைய வண்டியைச் செப்பனிடுவோர் ஆண்டை மட்டும் நம்பி உறுப்பு வாங்கினால் பணம் வீணாகும். பிந்திய உறுப்பைப் பொருத்திவிட்டாலோ, தொடக்க மாதங்களின் சான்றே அழியும், அந்நட்டமே பெரிது. கதவுத் தகட்டில் நாளும் மாத எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும்: ஏப்ரலுக்கு டி, ஆகஸ்டுக்கு எச்.